அட்டையில் ஓர் அர்ஜுன்

ஆவடியில் வடிவமைக்கப்பட்டு, 2004-இல் இராணுவத்தில் சேரத் தொடங்கிய அர்ஜுன் டாங்கியை அட்டையில் செய்து பார்ப்போமா? பீரங்கிக் குழல் உட்பட அதன் நீளம் 10.64 மீட்டர், அகலம் 3.86, உயரம் 2.32. மாதிரி செய்வோர் பெரிதும் விரும்பும் விகிதம் 1:35. எல்லாவற்றையும் 35-ஆல் வகுத்தால் முறையே 30.4, 11, 6.6 சென்டிமீட்டர் கிடைக்கும். 120 மில்லிமீட்டர் குழலின் துளை வெறும் 3.4 மில்லிமீட்டர்! காகிதத்தை இறுகச் சுருட்டி ஒட்டினாலே குழல் தயார்.

எடையை மட்டும் 35-ஆல் வகுத்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் 35×35×35, அதாவது 42,875-ஆல் வகுக்கவேண்டும். அதே உலோகங்களால் செய்தாலும் 58.5 டன் டாங்கியின் மாதிரி 1.36 கிலோகிராம்தான். தரையைத் தொடும் பரப்போ 1,225 மடங்குதான் குறைகிறது. ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 0.84 கிலோகிராமாக இருந்த அழுத்தம் 0.024 ஆகிவிடும். வேங்கிக்கால் ஏரிக்கரையின் ஈரமண்ணில் அசல் டாங்கி ஆழமாகத் தடம் பதிக்கும். அட்டை மாதிரிக்கு நாமேதான் ஊசியால் தடம் கீறவேண்டும்!

வர்ணம் பூசுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு, அசல் டாங்கியில் 3.5 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். திருகுத் தலைகள், மூடி விளிம்புகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும். நீர்க்கக் கரைத்து, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, இரண்டு மூன்று தடவை பூசுங்கள். பளபளப்பு வேண்டாம், போர்க்களத்தில் மின்னும் டாங்கியை எதிரி எளிதில் கண்டுகொள்வான் அல்லவா?

கடைசியாகப் புழுதி. ஏரி மண்ணை மெல்லிய துணியில் சலித்தே தூவுங்கள். அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று ஒட்டிக்கொண்டாலும், அசல் டாங்கியின் மேல் 17.5 மில்லிமீட்டர் சரளைக்கல் கிடப்பதுபோல் தோன்றும்.