கடனில்லாத பண்டிகை விருந்து



டிசம்பர் மாதம் பிறந்தவுடன் சந்தாபுராவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, வீட்டார் அனைவரும் கேட்க உரக்கப் பேசப்படுவது. பிள்ளைகளுக்கு என்ன உடை, எத்தனை கிலோ கறி, ஊரிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்பது அந்தக் கணக்கு. மற்றொன்று, குடும்பத் தலைவர் இரவில் உறக்கமின்றித் தமக்குள்ளே போட்டுப் பார்ப்பது. பணத்திற்கு எங்கே போவது என்பது அந்தக் கணக்கு. இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திக்காமற்போவதே, பண்டிகை முடிந்த பின் பல வீடுகளில் நுழைகிற மனக்கசப்புக்கும் கண்ணீருக்கும் காரணம்.

நம் பெந்தெகொஸ்தே சபைகளுள் சில டிசம்பர் 25-ஆம் தேதியை ஆசரிப்பதில்லை என்பதை அறிவேன். ஆயினும் புத்தாண்டு ஆராதனைக்குப் பின்னரும், சபை ஆண்டு விழாவிலும், பிள்ளைகளின் விடுமுறையிலும் குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் விருந்து அவர்களுக்கும் உண்டு. ஆகையால் இங்கே எழுதுவது எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்.

நாம் பிழைக்கும் சாலை

ஓசூர் சாலையின் இருபுறமும் நம் ஜனங்கள் பிழைக்கிறார்கள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களை இயக்குகிறார்கள். ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் காவல் காக்கிறார்கள், துப்புரவு செய்கிறார்கள், வாகனம் ஓட்டுகிறார்கள். கணினி முன் அமர்ந்து வேலை செய்கிறவர்களும் நம்மிடையே உண்டு. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. சாலையும் பாலமும் ரயிலும் வளருகின்றன. ஆனால் நம்மில் பலருடைய வேலையோ ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம் வயிற்றுக்கான வேலை எங்கேயோ தீர்மானிக்கப்படுகிறது. 2008-இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது இங்கே மென்பொருள் நிறுவனங்களில் அச்சம் பிறந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, எத்தனையோ தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊர்களை நோக்கி நடந்தார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில் ஆர்டர் குறையுமோ என்ற கலக்கம் பரவியது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் நம் சகோதரிக்கு வாஷிங்டனில் நடப்பது தெரியாது. ஆனால் ஓவர்டைம் நின்றுபோனால் அவளுக்கு அது அந்த வாரமே தெரிந்துவிடும்.

நமக்கென்று மற்றொரு சங்கடமும் உண்டு. போனஸ் வருகிற காலத்தைக் கவனியுங்கள். நிதியாண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவான ஏற்பாடு. ஆகவே பெரும்பாலான ஆலைகளில் அது ஆயுதபூஜை, தீபாவளிக் காலத்தில் கைக்கு வருகிறது. நம் பண்டிகை வருவதற்குள் அந்தப் பணம் பள்ளிக் கட்டணத்திலும், வாடகைப் பாக்கியிலும், ஊர்ப் பயணத்திலும் கரைந்துவிடுகிறது. டிசம்பரில் வெறும் மாதச் சம்பளத்தைக் கொண்டு மாதச் செலவையும் பண்டிகைச் செலவையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் கடன் வாசலில் வந்து நிற்கிறது.

பன்னிரண்டு மாதம் தின்னும் பிரியாணி

நூற்றுக்கு ஐந்து ரூபாய் மாத வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்குகிற ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். புதுத் துணி, பிரியாணி, கேக், பலகாரம் எல்லாம் நன்றாகவே நடந்தேறின. ஜனவரி முதல் மாதந்தோறும் 500 ரூபாய் வட்டி. அடுத்த டிசம்பரில் கணக்குப் பார்த்தால் 6,000 ரூபாய் கட்டியாயிற்று. முதலோ பத்தாயிரமாகவே நிற்கிறது. அந்த நிலையில் அடுத்த பண்டிகையும் வந்துவிடுகிறது. ஒரு நாள் நாம் பிரியாணியை உண்டோம். பன்னிரண்டு மாதங்கள் அந்தப் பிரியாணி நம்மை உண்டது.

வாராந்திரக் குழுக் கடன்களும் இப்படியே. பண்டிகைக்கு ஒரு குழுவில் வாங்கி, அதன் தவணைக்கு மற்றொரு குழுவில் வாங்கி, இரண்டுக்கும் ஈடாகக் காதுக் கம்மலை அடகு வைத்த குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. கடன் வசூலில் நடந்த கொடுமைகள் பெருகியதால், கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் சிறுகடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் வந்து அவமானப்படுத்துவதும் மிரட்டுவதும் குற்றம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் மிரட்டலைத் தடுக்குமே தவிர, வாங்கிய கடனைத் தீர்த்துவைக்காது.

வீட்டில் என்ன இருக்கிறது?

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வரும் விதவையை நினைவுகூருங்கள். அவள் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனுடைய மனைவி. இன்றைய வழக்கில் சொன்னால் ஓர் ஊழியக்காரருடைய குடும்பம். கடன்கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நின்றான். எலிசா அவளிடத்தில், இல்லாததைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் இருப்பது என்ன என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அங்கிருந்துதான் அற்புதம் தொடங்கிற்று.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. அயல் வீடுகளில் இரவல் வாங்கும்படி எலிசா சொன்னது வெறும் பாத்திரங்களையே. பணத்தை வாங்கும்படி அவர் சொல்லவில்லை. எண்ணெயை விற்றபின் செய்யவேண்டியதற்கும் ஓர் ஒழுங்கு கொடுத்தார். முதலாவது கடன் தீரவேண்டும். மீதியில் தாயும் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணவேண்டும்.

இந்த ஒழுங்கின்படியே பண்டிகைத் திட்டத்தைத் தொடங்குங்கள். டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குடும்பமாக உட்காருங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு தாளில் வருகிற பணத்தை எழுதுங்கள். அதிலிருந்து வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து, காணிக்கை ஆகியவற்றைக் கழியுங்கள். மீதம் நிற்பதே உங்கள் பண்டிகைப் பணம். அது 3,000 ரூபாயானால் விருந்து 3,000 ரூபாய்க்குள் அமையட்டும். 1,000 ரூபாயானால் அதற்குள் அமையட்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமை சமையலறைக்கும் பொருந்தும்.

சகோதரர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போயிருந்தாலோ, சம்பளம் குறைந்திருந்தாலோ அதை மனைவியிடத்தில் மறைக்காதீர்கள். காலையில் வழக்கம்போல் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மாலை வரை எங்கேயோ அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறவர்களின் வேதனையை ஊழியத்தில் கேட்டிருக்கிறேன். வீட்டாருக்கு வருத்தம் வரக்கூடாது என்பதே அவர்கள் எண்ணம். உண்மை வெளிப்படுகிற நாளிலோ, வேலை போனதைவிடத் தன்னிடம் சொல்லாதிருந்ததே மனைவியின் நெஞ்சை அதிகமாய் உடைக்கிறது. உண்மையை அறிந்த வீடு சிக்கனத்தைச் சுமந்துகொள்ளும்.

சமையலறையில் ஞானம்

இப்போது அடுப்பின் அருகே வருவோம். முதலாவது, சமையல் பட்டியலைக் கல்லில் எழுதாதீர்கள். 2019 டிசம்பரில் பெங்களூரில் வெங்காயம் கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பெய்த தப்பிய மழை பயிரை அழித்தது. செப்டம்பர் இறுதியிலேயே மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தும் விலை அடங்காமல், எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயத்தை வரவழைக்க நேர்ந்தது. வெங்காயம் இன்றிப் பிரியாணி இல்லை என்று பிடிவாதமாயிருந்த வீடுகள் அந்த ஆண்டு திணறின. சந்தையைப் பார்த்துச் சமையலைத் தீர்மானித்த வீடுகள் மகிழ்ச்சியோடே உண்டன.

கர்த்தர் டிசம்பரில் இந்தப் பகுதிக்கென்றே கொடுக்கிற ஒரு விளைச்சலைப் பாருங்கள். மார்கழிப் பனியில் அவரைக்காய் குவிகிறது. கன்னடர் அதை அவரேகாய் என்பர். பருப்பை உரித்து ஊறவைத்துப் பிதுக்கித் தோல் நீக்கினால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜனங்கள் பிதுக்குப் பருப்பு என்று கொண்டாடுகிற சுவை கிடைக்கும். அதில் வைக்கும் குழம்பு கறிக் குழம்புக்கு இளைத்ததல்ல. இருபத்துநான்காம் தேதி மாலை, பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து பருப்புப் பிதுக்குகிற வீட்டில், பேச்சும் பாட்டும் தாமாகவே வந்துவிடும்.

இறைச்சியில்லாமல் பண்டிகையா என்கிறவர்களுக்கும் வழியுண்டு. ஒரு கிலோ ஆட்டிறைச்சியின் விலைக்கு ஏறத்தாழ மூன்று கிலோ கோழி வாங்கலாம். சீரகச் சம்பா அரிசி ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கறி என்பது ஆம்பூர்ப் பக்கத்துக் கைப்பழக்கம். அரைக் கிலோ கோழியோடு உருளைக்கிழங்கையும், ஆளுக்கொரு அவித்த முட்டையையும் சேர்த்தாலும் மணம் குறையாது. அரிசியை அளந்து போடுங்கள். மீந்து வீணாகிற பிரியாணி ஒவ்வொரு பிடியும் யாரோ நின்று உழைத்த ஓவர்டைம் ஆகும். ஐயாயிரம் பேரைப் போஷித்த பின்னும் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர்.

பலகாரத்துக்கு, மூன்று வீடுகள் ஒன்றுகூடுங்கள். ஒரு வீட்டின் அச்சு, ஒரு வீட்டின் வாணலி, ஒரு வீட்டின் அடுப்பு போதும். அச்சு முறுக்கையும் கல்கலாவையும் ஒரே எண்ணெயில் ஒரே பகலில் சுட்டு எடுத்து, மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளலாம். எண்ணெயும் எரிவாயுவும் மிச்சமாகும். எலிசா சொன்னபடி பாத்திரத்தை இரவல் வாங்குங்கள். அதற்கு வட்டி இல்லை.

பங்கு அனுப்பாத விருந்து முழுமையாகாது

நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில், திரும்பிவந்த ஜனங்கள் அழுதுகொண்டிருந்தபோது, போய்க் கொழுமையானதை உண்டு மதுரமானதைக் குடித்து மகிழும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதோடுகூட, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பவும் சொல்லப்பட்டது. மகிழும்படி சொன்ன அதே கட்டளையில் பங்கு அனுப்புவதும் அடங்கியிருக்கிறது. கொரிந்து சபையிலோ, ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் அவர்களைக் கடிந்துகொண்டார்.

பண்டிகை ஞாயிறு அன்று உங்கள் சபையில் யார் வரவில்லை என்று பாருங்கள். நோய் என்றும் ஊர்ப் பயணம் என்றும் காரணம் சொல்லப்படலாம். சில வீடுகளில் உண்மைக் காரணம், பிள்ளைகளுக்குப் புதுத் துணி இல்லை என்பது. விருந்துக்கு அழைத்தால் திருப்பி அழைக்க முடியாதே என்பது. உடையைப் பார்த்து விசாரிக்கிற நம் கண்களே அவர்களை வாசலில் நிறுத்திவிடுகின்றன.

அவர்களுக்கு உதவுவதிலும் ஒரு முறை உண்டு. இருபத்தைந்தாம் தேதி மாலை, நாம் உண்டு மீந்ததைப் பாத்திரத்தில் மூடிக் கொடுத்தனுப்புவது எளிது. ஆனால் அந்த வீட்டில் அன்று மதியம் அடுப்பு எரியவில்லையே! இருபத்திரண்டாம் தேதியே இரண்டு கிலோ அரிசியும், எண்ணெயும், கோழி வாங்கப் பணமும் அமைதியாய்ச் சேர்ந்துவிட்டால், அந்தத் தாய் தன் அடுப்பில், தன் கையால் தன் பிள்ளைகளுக்குச் சமைப்பாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது அம்மா சமைத்த பண்டிகைச் சோறாகவே நினைவில் நிற்கும். எலிசாவின் விதவை கதவைப் பூட்டிக்கொண்டே எண்ணெய் வார்த்தாள். ஊர் பார்க்க அல்ல. சபை மூப்பர்களே, பெயரைப் பிரசங்க பீடத்தில் வாசிக்க வேண்டாம், புகைப்படமும் வேண்டாம்.

பெறுகிற இடத்தில் இருக்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: வெட்கப்படாதிருங்கள். இந்த ஆண்டு உங்கள் வீட்டுக்கு வந்த அரிசி, வேறொரு ஆண்டில் உங்கள் வீட்டிலிருந்து புறப்படும். ஓசூர் சாலையில் வேலை போவதும் வருவதும் நாம் எல்லோரும் கண்டதே.

அடுத்த பண்டிகைக்கு இந்த ஜனவரியிலேயே ஆயத்தமாகுங்கள். வாரம் 50 ரூபாய் ஒரு டப்பாவிலோ அஞ்சலகக் கணக்கிலோ சேர்ந்தால், 52 வாரங்களில் 2,600 ரூபாய். பதிவில்லாத சீட்டில் போட்டு ஏமாறாதீர்கள். அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது, நீங்கள் இன்னும் அறியாத ஏதோ ஒரு வீட்டுக்கென்று இப்போதே எடுத்து வையுங்கள். டிசம்பர் வரும்போது அது எந்த வீடு என்று கர்த்தர் உங்களுக்குக் காட்டுவார்.

உங்கள் அடுப்பையும் மேசையையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் கர்த்தர்தாமே ஆசீர்வதித்து, கடனின் நுகத்தை முறித்து, உங்கள் வாசலிலிருந்து பங்குகள் புறப்படும்படி கிருபை செய்வாராக. ஆமென்.