குமாவுன் மலையில் காடும் தீயும்

சங்கத்தின் நூல் கிடங்கில் ஒரு பொறி விழுந்தால் அங்கத்தினர் எவரும் கைகட்டி நிற்பதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கிடங்கு தம்முடையது என்பதே காரணம். ஊரெல்லையிலுள்ள காடு எரியும்போதோ, ‘அது சர்க்கார் காடு’ என்று வாளாவிருப்போரும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுன் மலைக் குடியானவர்கள். அவர்கள் வரலாறு கூட்டுறவாளராகிய நமக்கும் உரியது.

அம்மலைகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை ‘சீர்’ என்னும் ஊசியிலை மரம் மண்டியிருக்கிறது. கோடையில் அதன் இலைகள் காய்ந்து உதிர்ந்து மெத்தைபோல் குவியும். ‘பிரூல்’ என்று அங்கே பெயர். பிசின் கலந்த சருகு. ஒரு பீடித்துண்டு போதும். சீர் மரத்தின் தடித்த பட்டை தீயைத் தாங்கிக்கொள்ளும். ‘பாஞ்ச்’ என்னும் ஓக் மரம் அவ்வளவாகத் தாங்காது. பாஞ்ச் இலையோ மாட்டுக்குத் தீவனம். அதன் அடியில் மக்கிய மண் மழைநீரைப் பிடித்துவைத்துச் சுனைகளுக்கு ஊட்டுகிறது. ஆகவே, மீண்டும் மீண்டும் தீப்பட்டால் சீர் மரம் பெருகும். குடியானவனுக்குத் தீவனமும் தண்ணீரும் குறையும்.

1911க்கும் 1917க்கும் இடையில் ஆங்கில அரசு அக்காடுகளைப் பெருமளவில் ஒதுக்குக் காடுகளாக்கியது. புல்லுக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தடைகள் வந்தன. 1921 கோடையில் மக்கள் தம் கையாலேயே அக்காடுகளுக்குத் தீ வைத்தனர். அரசு ஒரு குறை கேட்கும் குழுவை அமைத்தது. அதன் பயனாக 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊராரே தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து ஊர்க் காட்டை ஆளும் முறை அது. இன்று அம்மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. காட்டில் உரிமை பெற்றவர் தீயணைக்க உதவியே தீர வேண்டும் என்று 1927ஆம் ஆண்டின் வனச் சட்டமும் சொல்கிறது. ஆயினும் சட்டம் ஓட்டிவரும் காலும் தானாக ஓடிவரும் காலும் ஒன்றல்ல.

இனி, தீயை மடக்கும் முறையைக் காண்போம். மலைக் காட்டுத்தீயைத் தண்ணீரை மட்டும் நம்பி வெல்ல முடியாது. 2016இல் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு எரியும் சரிவுகளில் கொட்டின. அதுவும் ஓர் உதவியே. ஆனால் தீயின் விளிம்பில் நிற்பவர் கையிலிருப்பது பச்சை மரக்கிளையும் மண்வாரியுமே. தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். பகலில் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும். எனவே எரியும் தீக்கு மேலே சரிவில் நிற்பது உயிருக்கு உலை வைப்பதாகும். காற்று தணியும் இரவிலும் விடியலிலுமே வேலை நடக்கும். தீக்கு முன்னே தக்க தொலைவில் பிரூலைக் கூட்டி ஒதுக்கி, வெறுந்தரையாக ஒரு கோடு எடுப்பார்கள். வேண்டுமாயின் அக்கோட்டிலிருந்தே எதிர்த்தீ வைப்பார்கள். இரு தீயும் சந்திக்குமிடத்தில் எரிபொருளின்றி இரண்டும் அடங்கும். எதிர்த்தீ, பழகிய கைக்கே உரியது. அடங்கியபின்னும் வீடு திரும்ப முடியாது. எரியும் சீர்க்காய்கள் சரிவில் உருண்டு கோட்டைத் தாண்டிவிடும். அடிமரங்களுள் கங்கு புகைந்துகொண்டிருக்கும்.

இது எத்துணை அபாயமானது என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2024 ஜூன் 13ஆம் நாள் அல்மோரா ஜில்லாவின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வன இலாகா ஊழியர் நால்வர் மாண்டனர். வேறு நால்வர் தீக்காயமுற்றனர். தக்க உடையும் கருவியும் பயிற்சியும் இன்றி எவரையும் தீயின்முன் அனுப்பலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

ஆதலின், தீ பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிய சீதலாகேத் வட்டாரத்தார் நம் கவனத்துக்கு உரியவர்கள். அதுவும் அல்மோரா ஜில்லாவே. உழவுக்கு முன் வயலோரத்து முட்புதரையும் காய்ந்த செத்தையையும் கொளுத்துவது அங்கே பழவழக்கம். அதை ‘ஓண்’ என்பார்கள். ஏப்ரல், மே வெயிலில் வைத்த ஓண் நெருப்பு எத்தனையோ முறை காட்டுக்குத் தாவியிருக்கிறது. ஓண் எரிப்பதை மார்ச் 31க்குள் முடித்துவிடுவதென்று ஊரார் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். ஏப்ரல் முதல் நாளை ‘ஓண் தினம்’ என்றே கொண்டாடுகிறார்கள். தீ தென்பட்டால் பெண்கள் மன்றங்களே முதலில் கிளம்புகின்றன. கலப்பைக்காகப் பாஞ்ச் மரம் வெட்டுவதைக் குறைக்க இரும்புக் கலப்பையையும் ஏற்றுக்கொண்டனர்.

குறையும் உண்டு. 1976இல் திருத்திய விதிகள் பஞ்சாயத்துகளின் அதிகாரத்தைச் சுருக்கி வன இலாகாவின் பிடியை இறுக்கின. பல பஞ்சாயத்துகளிடம் ஒரு காவற்காரருக்குக் கூலி கொடுக்கவும் பணமில்லை. பொறுப்பை ஊரிடமும் சாவியை இலாகாவிடமும் வைப்பது எவ்வகை ஏற்பாடு என்பது நமக்கு விளங்கவில்லை. நம் சங்கங்களில் சிலவும் இவ்வனுபவத்தை அறியும்.

பிரூலைக் காட்டிலிருந்து அகற்றினால் தீக்கு இரை குறையும். ஆனால் கூலியின்றி அதை யார் சுமப்பார்? ஆகவே அதை அழுத்தி எரிகட்டியாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. சில ஊர்களில் பெண்கள் அதைக் கொண்டு கூடையும் தட்டும் செய்கின்றனர். ஓர் இலை ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பல இலைகளைச் சேர்த்துத் திரியாக்கி, சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நூலால் தைத்து இறுக்குகிறார்கள். தறியில் இழை சேர்ப்பவர்களுக்கு அந்தக் கையின் பொறுமையைச் சொல்ல வேண்டியதில்லை.