ராஜபாளையம் நாய்க்கு ஒவ்வாத உணவு எது? எட்டு வாரத்தில் கண்டறியும் முறை

ராஜபாளையம் நகருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் அமைந்துள்ளது. கோவிலுக்குச் செல்லும் வழியெங்கும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நிறைந்துள்ளன. மலையிலிருந்து காட்டுப் பன்றி இறங்கி வரும் இப்பகுதியில் இரவுக் காவலுக்கு நாய் இன்றியமையாதது. அதற்கென வெளியூரிலிருந்து நாய் வாங்கி வர வேண்டியதில்லை. ஊரின் பெயரையே தாங்கிய ராஜபாளையம் இனம் இங்கேயே உள்ளது. பால் போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த நாயின் படத்தை 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையாகவே வெளியிட்டுள்ளது.

இவ்வினத்தின் ரோமம் குட்டையானது, நிறமோ வெள்ளை. எனவே தோலில் சிறிது சிவந்தாலும் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாய் ஓயாமல் சொறிவதும், பாதத்தை நக்குவதும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ரோமம் உதிர்ந்து தோல் தடிப்பதும் கண்டு, 'சொறி பிடித்துவிட்டது, இனி உதவாது' என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. சிலர் வண்டியிலிருந்து எடுத்த பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுகின்றனர். வேறு சிலர் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகின்றனர். இவை இரண்டுமே விஷம். நாய் தன் உடலை நக்கும்போது விஷம் வயிற்றுக்குள் செல்கிறது; தோல் வழியாகவும் ஏறுகிறது. சொறியினால் சாகாத நாய் இந்த வைத்தியத்தினால் செத்துவிடும்.

இவ்வாறு ஒதுக்கப்படும் நாய்களில் சிலவற்றுக்கு நோய் தோலில் இல்லை. தின்னும் உணவில் இருக்கிறது. 'அலர்ஜி' எனப்படும் ஒவ்வாமையே அது. சரியான உணவைத் தேர்ந்து கொடுத்தால் அதே நாய் மீண்டும் காவலுக்கு நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியவை

நாய் சொறிந்தவுடன் உணவின் மீது பழி போடுவதும் தவறு. தோட்டத்து நாய்களுக்கு அரிப்பு உண்டாவதற்கு உணவைவிடத் தெள்ளுப்பூச்சியும், உண்ணியும், சொறிப்பூச்சியுமே பெரும்பாலும் காரணமாகின்றன. தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே அறியலாம். நாயின் முதுகிலும் வால் அடியிலும் பேன் சீப்பால் சீவ வேண்டும். சீப்பில் வரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் கொட்டினால், சற்று நேரத்தில் அவற்றைச் சுற்றிச் செந்நிறம் பரவுகிறதா எனக் கவனிக்க வேண்டும். பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் இரத்தமே அதில் உள்ளது.

சொறிப்பூச்சியைக் கண்ணால் காண இயலாது. கால்நடை மருந்தகத்தில் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சொறிப்பூச்சியில் ஒரு வகை மனிதருக்கும் தொற்றி அரிப்பை உண்டாக்கும். உணவு ஒவ்வாமை எவருக்கும் தொற்றாது. வீட்டில் பிள்ளைகளும் சேர்ந்து சொறிந்தால் அது உணவினால் வந்ததன்று என்று ஓரளவு ஊகிக்கலாம்.

உணவு ஒவ்வாமைக்குச் சில அடையாளங்கள் உண்டு. மழைக்காலம், கோடை என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் அரிப்பு இருக்கும். காதுக்குள் சிவந்து, நாற்றமடித்து, மருந்து போட்டு ஆறியபின் மீண்டும் வரும். ஆசன வாயைத் தரையில் தேய்த்துக் கொள்ளும். சில நாய்களுக்கு இவற்றுடன் மலம் இளகியும், நாளைக்குப் பலமுறையும் போகும். ஆனால் பால் குடித்தவுடன் கழிசல் மட்டும் கண்டு, தோலில் ஒரு குறையும் இல்லையென்றால், அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததனால் இருக்கலாம். அது ஒவ்வாமை அன்று. பாலை நிறுத்தினால் போதும்.

எவ்வுணவு ஒவ்வாது?

ஒவ்வாமை என்பது பெரும்பாலும் உணவிலுள்ள புரதத்தை உடல் பகையாக எண்ணி எதிர்ப்பதாகும். 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட 297 நாய்களின் விவரங்கள் ஆராயப்பட்டன. மாட்டிறைச்சி நூற்றுக்கு 34 நாய்களுக்கும், பால் பொருட்கள் 17 நாய்களுக்கும், கோழி இறைச்சி 15 நாய்களுக்கும், கோதுமை 13 நாய்களுக்கும் ஒவ்வாதவையாக இருந்தன. மீனும் அரிசியும் ஒவ்வாத நாய்கள் மிகச் சிலவே. அவை பெரும்பாலும் வெளிநாட்டு நாய்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாய் எதை நெடுநாள் தின்கிறதோ அதற்கே ஒவ்வாமை கொள்கிறது. நம் வட்டாரத்தில் கோழிக்கடைக் கழிவும், பாலும் மோரும், பிஸ்கட்டும் ரொட்டியுமே நாய்க்கு அன்றாடம் விழுகின்றன. பால்கோவாவுக்குப் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் பாலுக்குப் பஞ்சமில்லை; கறந்ததில் ஒரு பங்கு நாய்க்கும் போகிறது. ஆகவே இங்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை கோழி, பால், கோதுமை ஆகியவையே.

'மூன்று வருடமாக இதைத்தானே தின்கிறது, இப்போது மட்டும் எப்படி ஒவ்வாமல் போகும்?' என்று கேட்பதுண்டு. மூன்று வருடமாகத் தின்றதனால்தான் ஒவ்வாமல் போயிற்று. ஒருமுறைகூடத் தின்னாத பொருளுக்கு உடல் பகை கொண்டிருக்கப் பெரும்பாலும் வழியில்லை.

இரத்தத்தையோ ரோமத்தையோ அனுப்பினால் ஒவ்வாத உணவின் பட்டியல் வந்துவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குவோர் உள்ளனர். நாய்களின் உணவு ஒவ்வாமையைப் பொறுத்தவரை இச்சோதனைகளை நம்புவதற்கில்லை. அந்தப் பணத்துக்கு மீன் வாங்கலாம்.

எட்டு வாரச் சோதனை

நம்பத்தக்க வழி ஒன்றுதான். நாய் இதுவரை தின்னாத புரதம் ஒன்றையும், மாவுப்பொருள் ஒன்றையும் தேர்ந்து, எட்டு வாரம் அவற்றை மட்டுமே கொடுக்க வேண்டும். உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை எட்டு வாரத்துக்குள் குணம் காட்டுகின்றன. இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்று கைவிடக் கூடாது.

எதைத் தேர்வது என்பதற்கு, நாய் குட்டியாக வந்த நாளிலிருந்து தின்றவற்றை வீட்டார் அனைவரும் சேர்ந்து நினைவுபடுத்தி எழுத வேண்டும். சாம்பார் சோறு தின்ற நாய் துவரம் பருப்பையும் தின்றிருக்கிறது. மோர் ஊற்றிய பழைய சோறு தின்றால் பாலும் கணக்கில் சேரும். கிடாய் வெட்டில் எலும்பு கடித்த நாய்க்கு ஆட்டிறைச்சி புதிதன்று. மேலும், மாட்டிறைச்சியோ பாலோ ஒவ்வாத நாய்க்குச் சில வேளை ஆட்டிறைச்சியும் ஒவ்வாது. அவ்வாறே கோழி ஒவ்வாத நாய்க்குக் காடையும் வாத்தும் ஒவ்வாமற் போகலாம். பெயர் வேறானாலும் புரதம் ஒன்றையொன்று ஒத்திருப்பதே இதற்குக் காரணம்.

இப்படிக் கழித்துக் கொண்டே வந்தால், இப்பகுதியின் பல வீடுகளில் மிஞ்சுவது மீனாகவே இருக்கும். கண்மாயில் பிடிக்கும் கெண்டை வகைகள் விலை மலிவு. மீன் தின்று பழகிய நாய் என்றால் முயல் அல்லது பன்றி இறைச்சியைத் தேர்ந்து கொள்ளலாம். மாவுப்பொருளுக்கு அரிசியோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ பொருந்தும். நாய் அரிசிச் சோறே தின்று வளர்ந்திருந்தால் கிழங்கைத் தேர்வது மேலும் நல்லது. எனினும் அரிசி ஒவ்வாமை அரிதாகையால், செலவு கருதி அரிசியுடனே சோதனையைத் தொடங்குவதில் பெரிய தவறில்லை.

சுமார் 25 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி, முள் நீக்கிய மீன் சதை 400 கிராம், தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்பது ஏறத்தாழச் சரியான அளவு. 150 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்க்கலாம் என்றாலும், முதல் முயற்சியில் பொருள்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கிழங்கை விட்டால் அரிசியைச் சற்றுக் கூட்டிக் கொள்ளலாம். மீனைச் செதிள், குடல் நீக்கி வேக வைத்து, ஆறியபின் முள்ளைக் கையால் தடவித் தடவி எடுக்க வேண்டும். உப்பு, புளி, மிளகாய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை, எக்காலத்திலும் ஆகாது. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அது மீனுக்கு மாற்றாகாது. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாயின் விலா எலும்பு துருத்தத் தொடங்கினால் சோற்றைக் கூட்ட வேண்டும்.

பழைய உணவைத் திடீரென நிறுத்தாமல் நான்கைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்றினால் கழிசல் வராது. பழைய உணவு முற்றும் நின்ற நாளிலிருந்து எட்டு வாரத்தைக் கணக்கிட வேண்டும். தோலில் சீழோ, காதில் புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் காட்டி அதை முன்னதாக ஆற்றிக் கொள்ள வேண்டும். அரிப்பை அடக்கும் ஊசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் கூறி, அதன் வேகம் தணிந்த பின்னரே பலனைக் கணிக்க வேண்டும். இல்லையேல் குணமானது ஊசியாலா, உணவாலா என்று தெரியாமற் போகும்.

இந்த உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. வளர்ந்த நாய் எட்டு வாரம் தாங்கும். குட்டிக்கும், சினை நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும் மருத்துவரைக் கேளாமல் இச்சோதனை கூடாது.

சோதனை எங்கே கெடுகிறது?

சமைப்பதில் எவரும் தவறுவதில்லை. தவறுவது நாய் கட்டவிழ்ந்த நேரத்தில்தான். ஒரு வாய் மோர்ச்சோறு போதும், அதுவரை பட்ட பாடு வீணாவதற்கு.

மாட்டுத் தொழுவத்தில் உள்ள கழுநீர்த் தொட்டியே முதல் எதிரி. தவிடு, புண்ணாக்கு, வடித்த கஞ்சி, வீட்டு மிச்சம் அனைத்தும் அதில் உள்ளன. நாய் எட்டிக் குடிக்காத உயரத்துக்குத் தொட்டியை ஏற்ற முடியாவிட்டால் மூடி போட வேண்டும். அடுத்தது மாட்டுச் சாணமும் கோழி எச்சமும். பெரும்பாலான தோட்டத்து நாய்கள் இவற்றைத் தின்னும். மாடு கன்று போடும் காலமானால் நஞ்சுக்கொடியையும் கவனித்துப் புதைக்க வேண்டும். கோழி அடைகிடக்கும் கூண்டில் முட்டை திருடும் நாயை எட்டு வாரமும் கட்டியே வைக்க வேண்டியதுதான். பூனைக்கு வைத்த பாலையும், சாப்பிட்ட கையை நக்கக் கொடுக்கும் குழந்தைகளையும் மறந்துவிடக் கூடாது.

அய்யனார் கோவில் செல்லும் வழித் தோப்புகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. விடுமுறை நாட்களில் ஆற்றில் குளிக்கவும் சாமி கும்பிடவும் வருவோர் கட்டுச்சோறும் பிரியாணியும் கொண்டு வருகின்றனர். வெள்ளை வெளேரென்ற நாய் வேலியோரம் நின்று பார்த்தால் எவருக்கும் மனம் இளகும். பிஸ்கட்டும் கோழி எலும்பும் வந்து விழும். அந்நாட்களில் நாயைச் சாலையோரம் கட்டாமல் தோப்பின் உட்புறம் கட்டுவது நலம். அதைத் தளர விட்டால் மலைப்பக்கம் ஓடும். மலைப்பகுதி 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. நாய் அங்கே வேட்டைக்குச் செல்வது நாய்க்கும் ஆபத்து, வன உயிர்களுக்கும் ஆபத்து, உரிமையாளருக்கும் வழக்கு.

மருந்திலும் ஒரு சூட்சுமம் உள்ளது. நாய் விரும்பிக் கடிக்கும்படி இறைச்சிச் சுவையூட்டிய குடற்புழு மாத்திரைகள் விற்கப்படுகின்றன. சோதனைக் காலத்தில் சுவை சேராத மாத்திரையைக் கேட்டு வாங்கி, அதே மீன் உருண்டைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும்.

மீண்டும் கொடுத்துப் பார்த்தல்

எட்டு வாரத்தில் அரிப்பு தணிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. நாய் குணமானதும் சோதனையைக் கொண்டாடிவிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் எது ஒவ்வாதது என்று இன்னும் தெரியவில்லை. இப்போது மீன் சோற்றுடன் பழைய பொருளில் ஒன்றை மட்டும், உதாரணமாகப் பாலை, நாள்தோறும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாததாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அரிப்புத் திரும்பும். பல நாய்களுக்குச் சில நாட்களிலேயே திரும்பிவிடும். திரும்பியவுடன் பாலை நிறுத்தி, தோல் தெளிந்த பின்னர் கோழியைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாக. இரண்டு பொருளை ஒரே வாரத்தில் சேர்த்தால் குற்றவாளி தப்பிவிடும்.

எட்டு வாரம் கண்டிப்புடன் கொடுத்தும் சிறிதும் குறையவில்லையெனில் காரணம் பெரும்பாலும் உணவன்று. தூசி, பூந்தூள் முதலியவற்றால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். உள்ளூர் மருந்தகத்தில் முடியாவிட்டால், திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லலாம்.

கடையில் விற்கும் பைத் தீவனத்தை நாடுவோர், பையின் முகப்பில் உள்ள படத்தை நம்பாமல் பின்புறமுள்ள பட்டியலைப் படிக்க வேண்டும். 'ஆட்டிறைச்சி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே கோழிக் கொழுப்பும் கோழித் தூளும் இருக்கும். 'தானியம் இல்லாதது' என்ற விளம்பரமும் அவ்வளவாக உதவாது; தானியத்தைவிட இறைச்சியும் பாலுமே அதிகம் தொல்லை தருபவை. புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் ஒவ்வாமைத் தீவனம் நல்லதுதான் என்றாலும், சிறு விவசாயியின் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

ஒவ்வாத பொருள் இன்னதென்று தெரிந்தபின் அதை ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும். இதற்கு வேறு மருந்தில்லை. மற்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். பால் மட்டுமே ஒவ்வாத நாய், கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் மீனும் முட்டையும் தின்று கொண்டு நன்றாகவே இருக்கும். வீட்டுச் சமையலையே நிரந்தரமாக்கும்போது சுண்ணாம்புச் சத்தும் மற்ற சத்துகளும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். கோடையில் கண்மாய் வற்றினால் மீன் கிடைக்காது, விலையும் ஏறிவிடும். ஆகவே மாசி மாதத்துக்குள்ளேயே முட்டையையோ ஏதேனும் ஒரு பயற்றையோ மேற்கூறிய முறைப்படி சோதித்து, ஒத்துக்கொள்ளும் இரண்டாவது புரதம் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.