தேவமாதாவின் கண்கள்

மேனாட்டுச் சித்திரக்காரருள் தேவமாதாவையும் திருக்குழந்தையையும் எழுதாதவர் ஒருகாலத்தில் அரியர். பழைய பைஸாந்தியச் சித்திரங்களில் அவள் பொன்மயமான பின்னணியில் அரசிபோல் காட்சி தருவாள். 1300-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ அவளுக்கு மானிட உடலைத் தந்தார். இருநூறாண்டு கழித்து ரபேல் அவளுக்கு ஒரு தாயின் உள்ளத்தைத் தந்தார்.

ரபேலின் 'ஸிஸ்டைன் மடோன்னா'வை மட்டும் இங்கே பார்ப்போம். போப் இரண்டாம் ஜூலியஸின் விருப்பப்படி, பியாசென்ஸா நகரத்து ஆலயம் ஒன்றுக்காக 1512-ஐ ஒட்டி எழுதப்பெற்றது அது. திரைகள் விலகி நிற்க, மேகத்தின்மீது வெறுங்காலுடன் அன்னை மகவை ஏந்தி நம்மை நோக்கி வருகிறாள். இருவர் முகத்திலும் புன்னகை இல்லை. அகன்ற விழிகளில் கலக்கமே தெரிகிறது. ஆலயத்தில் எதிரே இருந்த சிலுவையையே அவர்கள் காண்கின்றனர் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. மகனுக்கு நேரப்போவதை அறிந்தும் அத்தாய் பின்வாங்கவில்லை. உலகுக்கு அவனை ஈயவே நடந்து வருகிறாள்.

1754-இல் இச்சித்திரம் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டனை அடைந்தது. 1945-இல் குண்டுவீச்சினால் அந்நகரம் எரிந்தபோது, வெளியே ஒரு சுரங்கத்தில் மறைக்கப்பட்டிருந்தபடியால் இது தப்பியது. சோவியத் படையினர் அதை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றனர். 1955-இல் மாஸ்கோ மக்கள் திரளாக வந்து கண்டபின் டிரெஸ்டனுக்கே அது திரும்பிற்று. யுத்தத்தில் புதல்வரைப் பறிகொடுத்த தாய்மாரும் அக்கூட்டத்தில் நின்றிருப்பர். அந்தக் கண்களின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திராது.