முதலில் யாரை அழைப்பது?

ஆராய்ச்சிப் பட்டத்திற்காகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் இளைஞரும் இளம்பெண்களும் இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கின்றனர். அங்கே திடீரென ஆபத்து நேரின் முதலில் யாரை அழைப்பாய் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பேராசிரியரை" என்று பலர் கூறக்கூடும். மரியாதையான விடைதான், ஆயினும் தவறான விடை.

2008 டிசம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 23 வயதே ஆன ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப்பட்டதும் தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்னும் திரவத்தை ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டிருந்தார். குழலின் தண்டு கழன்றது. திரவம் சிந்தி அவருடைய ஆடையில் தீ மூண்டது. பாதுகாப்பு மேலங்கி அவர் அணிந்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவசர நீர்த்தாரை இருந்தும் அதன்கீழ் அவர் கொண்டுசெல்லப்படவில்லை. 18 நாட்களுக்குப் பின், 2009 ஜனவரி 16 அன்று, அவர் உயிர் துறந்தார்.

ஆகவே முதல் அழைப்பு தொலைபேசியில் அன்று, அருகிலிருப்போரை நோக்கியே எழ வேண்டும். அமிலம் கண்ணிலோ தோலிலோ தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவுகிறவர் ஒருவராகவும் தொலைபேசியை எடுப்பவர் வேறொருவராகவும் இருத்தல் நலம். நச்சுவாயு கசிந்தாலோ, முதலில் வெளியேறுதல், அழைப்பு வெளியிலிருந்தே.

தொலைபேசியில் முதலாவது அழைக்க வேண்டியது அவசர உதவியை. நம் நாட்டில் 112. தீயணைப்புப் படைக்கு 101. தமிழகத்தில் ஆம்புலன்சுக்கு 108. அமெரிக்காவில் 911. சில வளாகங்களுக்குத் தனி அவசர எண் உண்டு. இன்னும் சிலவற்றில் உள்ளகத் தொலைபேசியிலிருந்து வெளியே பேச முன்னால் வேறோர் எண்ணை அழுத்த வேண்டும். இதையெல்லாம் சேர்ந்த முதல் நாளிலேயே அறிந்து வைத்தல் வேண்டும். புகை சூழ்ந்தபின் அறிவிப்புப் பலகையைத் தேட இயலுமோ? எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எந்த இரசாயனம், எத்தனை பேருக்குக் காயம் என்று சொல்லி, மறுமுனையில் இருப்பவர் போதும் என்னும்வரை தொடர்பைத் துண்டிக்கலாகாது.

அடுத்து வாயிற்காவலர். பரந்த வளாகத்தில் வண்டிக்கு வழிகாட்ட ஆள் இல்லையெனில் விரைந்து வந்த உதவியும் வீணே சுற்றும்.

அதன்பின் பேராசிரியர். கையாண்ட பொருள் எது என்பதை மருத்துவருக்குத் தெளிவாகச் சொல்ல அவர் தேவைப்படுவார். ஹைட்ரோபுளோரிக் அமிலக் காயம் தொடக்கத்தில் அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் அது உடலின் சுண்ணச்சத்தைக் குலைத்து இதயத்தையே நிறுத்த வல்லது. கால்சியம் குளூக்கோனேட் களிம்பை உடனே தடவ வேண்டும் என்பதை எல்லா மருத்துவமனைகளிலும் அறிந்திருப்பர் என எதிர்பார்க்க முடியாது.

இவ்வரிசை தலைகீழாவதற்கு அறியாமையைவிட அச்சமே காரணம் என்பது நம் கருத்து. ஆய்வேட்டில் கையொப்பமிட வேண்டியவர் சினப்பாரோ, உடைந்த கருவிக்கு ஈடு கேட்பரோ என்று மாணவர் தயங்குகின்றனர். பெற்றோர்களே, "எது நடந்தாலும் முதலில் வீட்டுக்குச் சொல்" என்று பழக்கியிருந்தால், இந்த ஒரு காரியத்தில் அதற்கு விலக்கு அளியுங்கள்.

பங்குக் குருவையும் அழைக்கத்தான் வேண்டும். நோயில்பூசுதல் வழங்க நாம் நள்ளிரவிலும் புறப்படுவோம். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது என்ற செய்தியோடு அழையுங்கள். எந்த மருத்துவமனைக்கு வருவது என்பதும் அப்போதுதான் நமக்குத் தெரியும்.