சத்தம் ஒண்ணு, மேளம் ரெண்டு: ஸ்ரீகண்டே கிராஃப்

எங்க அம்பாசமுத்திரம் பக்கம் கோயில் கொடை நடந்தா, அடுத்த தெருவுல இருந்தே சொல்லிடுவோம்: இது தவில், இது உறுமி. நேர்ல பார்க்க வேண்டியதே இல்ல. கிராஃபுக்கும் அப்படி ஒரு சத்தம் உண்டு. அதுதான் ஐகன்வேல்யூ.

கிராஃப்னா புள்ளிகளும் அதை இணைக்கிற கோடுகளும். எது எதோட இணைஞ்சிருக்குன்னு 1, 0 போட்டு ஒரு மேட்ரிக்ஸ் எழுதுறோம். அதோட ஐகன்வேல்யூவை மட்டும் வச்சு, கிராஃப் எதுன்னு சொல்லிட முடியுமா?

4×4 செஸ் போர்டு எடுத்துக்கோங்க. 16 கட்டம், 16 புள்ளி. யானை ஒரே நகர்வுல போகக்கூடிய கட்டங்களை இணைங்க. ஒவ்வொண்ணுக்கும் 6 நண்பர்கள். எந்த ரெண்டு கட்டத்துக்கும் பொது நண்பர்கள் சரியா 2.

இந்த விதியே எல்லாத்தையும் முடிவு பண்ணிடுது. பெரிய ஐகன்வேல்யூ 6. மத்த எதை வர்க்கப்படுத்தினாலும் 6−2, அதாவது 4. அப்போ அது 2 இல்லன்னா −2. எல்லாத்தையும் கூட்டினா 0 வரணும். அதனால 2 ஆறு தடவை, −2 ஒன்பது தடவை. வேற வழியே இல்ல.

இப்போ அதே போர்டை நோக்கியா பாம்பு கேம் மாதிரி நினைச்சுக்கோங்க. இடது ஓரம் தாண்டினா வலது பக்கம் வருவோம், மேல போனா கீழ வருவோம். நாலு திசையிலயும் ஒரு கட்டம், கூடவே ஒரே ஒரு மூலைவிட்டத்துல முன்னும் பின்னும் ஒரு கட்டம். இங்கயும் 6 நண்பர்கள், பொது நண்பர்கள் 2. அதனால ஐகன்வேல்யூ அச்சு அசல் அதேதான்.

ஆனா கிராஃப் வேற! யானை கிராஃப்ல ஒரு புள்ளியோட 6 நண்பர்களும் ரெண்டு முக்கோணமா பிரிஞ்சு நிக்கிறாங்க. இங்க ஆறு பேரும் கைகோர்த்து ஒரே வட்டம்.

இதைக் கண்டுபிடிச்சவர், மத்தியப் பிரதேசம் சாகர்ல 1917-ல் பிறந்த எஸ்.எஸ்.ஸ்ரீகண்டே. மத்த எந்த அளவு சதுர போர்டா இருந்தாலும் யானை கிராஃபை இந்த எண்களே அடையாளம் காட்டிடும், 4×4 மட்டும்தான் விதிவிலக்குன்னு 1959-ல் நிரூபிச்சார். அதே வருஷம் போஸ், பார்க்கரோட சேர்ந்து, ஆய்லர் 1782-ல் சொன்ன ஒரு ஊகத்தையும் உடைச்சார். 2020-ல், 102 வயசுல காலமானார்.

ரெண்டு நெட்வொர்க்கோட ஐகன்வேல்யூவை ஒப்பிட்டு, பொருந்தினா 'ரெண்டும் ஒண்ணு'ன்னு சொல்ற கோடு நானும் எழுதியிருக்கேன். வெறும் 16 புள்ளி அதைத் தப்புன்னு காட்டிடுச்சு. ஐகன்வேல்யூ வேறன்னா கிராஃப் கண்டிப்பா வேற. ஒண்ணா இருந்தா மட்டும் அவசரப்படாதீங்க. நண்பர்கள் எப்படி நிக்கிறாங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க.