ஊரில் இருக்கும் வீட்டைத் திருத்த ஆள் பிடிப்பது எப்படி?

யாங்கூனின் வடக்கே, மிங்கலாடோனில் விமான நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. செங்கல் சுவர், தகரக் கூரை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் பிடுங்கிப்போட்ட தகரங்களை அப்பா அவசரமாக மாற்றினார். அதற்குப் பிறகு யாரும் கூரையில் கை வைக்கவில்லை. 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் நான் வெளியேறினேன். இப்போது கோலாலம்பூரில் அகதி. வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறார்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பகுதிகள் சிதைந்தன. யாங்கூன் பெரும்பாலும் தப்பியது. ஆனாலும் எங்கள் சமையலறைச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. மழைக்கு முன் கூரையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று, தெரிந்தவர் சொன்ன ஓர் ஒப்பந்தக்காரருக்குப் பாதித் தொகையை முன்பணமாக அனுப்பினேன். பழைய தகரத்தை இறக்கினார். திங்கியான் விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. அக்கா இருபது நாள் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தார். வணிகவியல் படித்து முப்பது வருடம் மற்றவர்களின் கணக்கைப் பார்த்தவன் நான்!

புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். காவல் நிலையத்துக்குப் போனால், "பணம் அனுப்பிய தம்பி எங்கே?" என்றுதான் அக்காவிடம் முதலில் கேட்பார்கள். நம்மில் பலருக்கும் இதே நிலைதான். வழக்குப் போட முடியாதவர்கள், ஏமாந்தபின் நியாயம் தேடுவதை நம்பி இருக்க முடியாது. பணம் கொடுக்கும் முறையிலேயே பாதுகாப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், முன்பணம் கேட்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்ல. 2022 ஆகஸ்டிலிருந்து டாலருக்கு அரசு விலை 2,100 கியாட். வெளிச்சந்தையில் அதன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்று கேட்ட தகர விலை அடுத்த வாரம் நிற்காது. அதனால் முன்பணத்தைக் காசாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுங்கள். தகரம், ஆணி, சிமெண்ட் ஆகியவற்றுக்குக் கடைக்காரரிடமே நேரடியாகப் பணம் கட்டினேன். ரசீது அக்கா பெயரில், பொருள் எங்கள் வாசலில். ஒப்பந்தக்காரர் போய்விட்டாலும் தகரம் வீட்டில் இருக்கும். 1964-இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளையும், 1987-இல் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகளையும் ஒரே அறிவிப்பில் செல்லாதாக்கிய நாடு அது. காசைவிடப் பொருளை நம்புவது எங்கள் பெரியவர்களுக்குப் பழக்கம்தான்.

அடுத்தது கூலி. ஒப்பந்தக்காரரோடு ஆள் கூலி மட்டும் பேசி, அதை ஐந்தாகப் பிரித்தேன். தொடங்கும்போது நூற்றுக்குப் பத்து. மரச்சட்டம் முடிந்ததும் முப்பது. தகரம் போட்டதும் முப்பது. சுவர் பூச்சுக்கு இருபது. மீதிப் பத்து, முதல் பெருமழைக்குப் பிறகு. ஒவ்வொரு கட்டத்திலும் அக்கா படம் அனுப்புவார், நான் பார்த்தபின்தான் பணம். எந்த நாளிலும், கொடுத்த பணம் முடிந்த வேலையைப் பெரிதாகத் தாண்டக் கூடாது. கணக்கில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். போன மழைக்கு முன் அவர் முடித்த இரண்டு வீடுகளைக் கேளுங்கள். உறவினர் ஒருவர் போய், "ஒழுகியதா? கூப்பிட்டதும் வந்தாரா?" என்று விசாரிக்கட்டும். எத்தனை ஆட்கள் வருவார்கள் என்பதையும் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதிலிருந்து, பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுள்ள ஆண்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். தேதி தவறினால் அது எப்போதும் மோசடி என்று நினைத்துவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவரின் பாதுகாப்பு கூரையைவிட முக்கியம். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின், இரவு தங்கும் வெளியாட்களை வட்டார நிர்வாக அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதி திரும்பி வந்தது. ஆகவே வேலையாட்கள் மாலையில் போய்விட வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம். பணம் பற்றிய கண்டிப்பான பேச்சையும் நானே பேசினேன். அக்காவைக் கறார் பேச வைத்தால், அந்தக் கோபத்தை அவர்தான் தனியாகத் தாங்க வேண்டும்.

பெரிய ஒப்பந்தங்களிலும் இதே பாடம்தான். அதே நிலநடுக்கத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த கட்டடம் இடிந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது தாய்லாந்து அரசின் தணிக்கை அலுவலகத்துக்கான கட்டடம். இடிபாட்டில் எடுத்த கம்பிகளில் சில தரம் குறைந்தவை என்று சோதனையில் தெரிந்தது. கணக்குப் பார்ப்பவர்களின் கட்டடத்திலேயே, வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியதை இடிந்தபின் பார்த்தார்கள்.

எங்கள் வேலையை ஒரு வயதான கொத்தனார் முடித்தார். ஜூன் மழையில் ஓர் ஆணித் துளையில் சொட்டியது. அவரே வந்து ரப்பர் வாஷரை மாற்றினார். ஜூலையில் மீதிப் பணத்தை அனுப்பினேன். முதல் ஆளிடம் போன பணம் வரவில்லை, இனி வராது. அக்கா இப்போது காய்ந்த அறையில் தூங்குகிறார். ஊரில் யாராவது இருக்கும் வீட்டை நீங்களும் இங்கிருந்து திருத்தப் போகிறீர்கள் என்றால், முதல் தவணையை அனுப்புமுன் ஒரு தாளில் இந்தப் பிரிவுகளை எழுதிக்கொள்ளுங்கள்.